மரத்தின் மெருகும் மரத்தின் காப்பும்

கிராமத்தில் ஒரு குடும்பத்தின் ஆஸ்தியைக் கணக்கிடுவோர் நிலத்தையும் கால்நடைகளையும் நகைகளையும் கணக்கில் சேர்ப்பர். மரச் சாமான்களைச் சேர்ப்பவர் சிலரே. ஆயினும் வாசற்கதவு, நிலை, ஜன்னல், கட்டில், ஊஞ்சற் பலகை, பெட்டி, மண்வெட்டிப் பிடி ஆகியவற்றிற்காக ஒரு குடும்பம் ஒரு தலைமுறைக்குள் செலவிடும் தொகை சிறியதன்று. தேக்கின் விலையை அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இவ்வளவு பொருள் செலவிட்டுச் செய்த சாமானின்மீது கடைசியாகப் பூசப்படும் மெல்லிய பூச்சைப் பற்றி மட்டும் பெரும்பாலோர் விசாரிப்பதில்லை. கடையில் கொடுத்ததை வாங்கிப் பூசி, மினுமினுப்பைக் கண்டு திருப்தி அடைகின்றனர். மினுமினுப்பு வேறு, காப்பு வேறு என்பதை உணராமையால் விளையும் நஷ்டத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம்.

ஒரு சங்க அங்கத்தினர் கடன் பெற்று வீடு கட்டி, மேற்கு நோக்கிய வாசலுக்குத் தேக்குக் கதவு செய்வித்தார் என்று கொள்க. கிரகப் பிரவேசத்திற்கு முன் அதற்கு நிறமற்ற வார்னிஷ் 2 தடவை பூசப்பட்டது. கதவு கண்ணாடிபோல் விளங்கிற்று. வந்தவர் யாவரும் புகழ்ந்தனர். இரண்டாவது கோடையில் பூச்சு மஞ்சளித்து வெடித்தது. அடுத்த மழைக்காலத்தில் மீன் செதில்போல் உரிந்தது; உரிந்த இடத்தில் மரம் சாம்பல் நிறமாயிற்று. உரிமையாளர், மரம் நல்ல தேக்கன்று என்று தச்சர்மீது குறை கூறினார். தச்சரோ பட்டறைக்காரர்மீது குறை கூறினார். பழைய பூச்சின்மேலேயே மீண்டும் வார்னிஷ் பூசப்பட்டது. அதுவும் சில மாதங்களில் உரிந்தது. முடிவில் கதவு முழுவதையும் சுரண்டி இழைக்க வேண்டியதாயிற்று. கடனின் தவணை தீருமுன்னரே கதவிற்கு இரண்டாம் முறை செலவு வந்துவிட்டது.

இதில் மரம் குற்றவாளி அன்று. தச்சரும் குற்றவாளி அல்லர். நிழலுக்குரிய பூச்சை வெயிலில் நிறுத்தியதே பிழை. இதனைத் தெளிவாக அறிய, மரத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

மரமும் ஈரமும்

வெட்டி உலர்த்திய பின்னும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாகவே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதும், சித்திரையில் அதே கதவின் பலகைகளுக்கிடையே வெளிச்சம் தெரிவதும் இதனாலேயே. மரத்தின் நார்ச்சுவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு 28 முதல் 30 பங்கு வரையில் ஈரத்தைக் கொள்ளும். அந்த அளவிற்குக் கீழே ஈரம் குறையக் குறைய மரம் சுருங்கும். ஏற ஏற விரியும். இச்சுருக்கம் நீளப்போக்கில் மிகச் சொற்பம். அகலப்போக்கிலேயே அது புலப்படும். அதிலும், வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில், நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையைவிட ஏறக்குறைய 2 மடங்கு சுருங்கும். பலகை வளைவதற்கும் வெடிப்பதற்கும் இந்த ஏற்றத்தாழ்வே முக்கிய காரணம். ஈரம் நூற்றுக்கு 20 பங்கிற்கு மேல் நிலைத்து நின்றால், மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சணமும் குடியேறும்.

எந்தப் பூச்சும் இந்த ஈரப் போக்குவரத்தை அடியோடு நிறுத்துவதில்லை. அதன் வேகத்தைக் குறைப்பதே பூச்சின் வேலை. ஒரு நாள் மழையில் மரம் திடீரென உப்பாமலும், ஒரு நாள் வெயிலில் திடீரென வெடியாமலும் அது காக்கிறது. அன்றியும், எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் மரத்தின் துளைகளில் ஏறாமல் தடுக்கிறது. பூச்சினால் மரத்தின் பலம் கூடுவதில்லை. வைரம் பாயாத மரம் பூச்சினால் வைரமாவதுமில்லை. கறையானும் மேற்பூச்சிற்கு அஞ்சுவதில்லை. அது நிலையின் அடியிலிருந்தும் சுவருக்குள் மறைந்த பக்கத்திலிருந்தும் புறப்படுவதால், அதற்குரிய மருந்தைக் கட்டும்பொழுதே தனியாக இட வேண்டும்.

இவ்வியல்பிலிருந்து இரண்டு விதிகள் தாமே கிடைக்கின்றன. முதலாவது, பலகையின் முன்புறம் மட்டும் பூசிப் பின்புறத்தை விட்டுவிடலாகாது. ஒருபுறம் மெதுவாகவும் மறுபுறம் விரைவாகவும் ஈரம் ஏறினால் பலகை வளையும். இரண்டாவது, கதவின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் கண்ணுக்குப் படாதவையாயினும் அவற்றைத் தவறாது பூச வேண்டும். அறுத்த நுனியில் நார்களின் வாய்கள் திறந்திருத்தலால், அவ்விடம் பலகையின் முகத்தைவிடப் பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும். கதவுகள் பெரும்பாலும் அடிப்பாகத்திலேயே மக்கத் தொடங்குவது இதனால்தான்.

தெளிந்த பூச்சுகளின் வகை

மரத்தின் ரேகை தெரியும்படி பூசப்படும் பூச்சுகள் பல பெயர்களில் விற்கப்படுகின்றன. பெயர் பலவாயினும் இனம் சிலவே.

முதலாவது எண்ணெய். எல்லா எண்ணெயும் மரத்திற்கு ஏற்றதன்று. தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும் எத்தனை நாளாயினும் உலர்வதில்லை. பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகும் இயல்புடையது. பச்சை எண்ணெய் உலரப் பல நாட்கள் செல்லும். காய்ச்சிய எண்ணெய் என்று விற்பதில் உலர்த்தும் உப்புகள் சேர்க்கப்பட்டிருப்பதால் அது ஓரிரு நாட்களில் உலரும். எண்ணெயை மெல்லியதாகத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, மிஞ்சியதைத் துணியால் முற்றிலும் துடைத்துவிட வேண்டும். மண்வெட்டி, அரிவாள், கோடரி ஆகியவற்றின் பிடிகளுக்கு இதுவே மிகச் சிறந்தது. வார்னிஷ் பூசிய பிடி வியர்வையில் வழுக்கிக் கையைக் கொப்புளிக்கச் செய்யும். எண்ணெயிட்ட பிடி கையோடு பொருந்தும். எண்ணெயின் காப்பு குறைவாயினும், சுரண்டாமலே மீண்டும் தடவிக்கொள்ளலாம் என்பது அதன் பெரும் நன்மை.

இரண்டாவது அவலரக்கு. புரசு, இலந்தை, பூவம் முதலிய மரங்களின் கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் அரக்கைச் சுத்தி செய்து அவலரக்கு ஆக்குகின்றனர். இத்தொழிலை விருத்தி செய்யவேண்டி 1924-ம் ஆண்டில் ராஞ்சிக்கு அருகிலுள்ள நாம்கும் என்னுமிடத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் கடைசல்காரர்கள், சுழலும் பாலைமரப் பொம்மையின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வின் சூட்டினாலேயே அதனை உருக்கிப் பூசுவர். பின்பு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவர். தச்சர்களோ அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்த மட்டையினால் பல முறை மெல்லிய படலங்களாகத் தேய்க்கின்றனர். 1 லிட்டர் ஸ்பிரிட்டிற்கு 200 முதல் 250 கிராம் அவலரக்கு போதுமானது. கரைத்த மெருகு நாட்பட்டால் கெட்டு, பூசிய பின் உலராமல் ஒட்டும். ஆகையால் வேண்டிய அளவே கரைத்தல் நலம்.

அவலரக்கின் அழகு ஒப்பற்றது. அது விரைவில் உலரும். பழுதுபட்ட இடத்தை மட்டும் சரிசெய்யவும் இடங்கொடுக்கும். ஆயினும் அதன் பலவீனங்களும் வெளிப்படையானவை. சூடான பாத்திரம் வைத்தால் வெள்ளை வளையம் விழும். நீர் தேங்கினால் வெளுக்கும். சோடாக்காரமும் ஸ்பிரிட்டும் பட்டால் கரையும். மழை நாளில் பூசினால் காற்றின் ஈரத்தால் வெண்மை படரும். ஆகையால் பீரோ, பெட்டி, படச்சட்டம், உள்ளறைக் கதவு இவற்றிற்கு அது உரியது. வாசற்கதவிற்கும் சமையலறைப் பலகைக்கும் உரியதன்று.

மூன்றாவது வார்னிஷ். உலரும் எண்ணெயோடு குங்கிலியம் போன்ற பிசினைச் சேர்த்துக் காய்ச்சி, கர்ப்பூரத் தைலம் விட்டு இளக்குவது பழைய முறை. இக்காலத்தில் பிசினுக்குப் பதிலாகத் தொழிற்சாலையில் செய்த செயற்கைப் பிசின்களே பெரும்பாலும் சேர்க்கப்படுகின்றன. இது மெதுவாக உலர்ந்து, மரத்தின்மேல் தோல்போல் கெட்டியான படலமாக நிற்கும். நீரையும் மிதமான சூட்டையும் அவலரக்கைவிட நன்றாகத் தாங்கும்.

நான்காவது, தெளித்துப் பூசும் லாக்கரும் பாலியூரிதேனும். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் 1920-களில் மோட்டார் வண்டித் தொழிலில் பரவிப் பின் மரச் சாமான்களுக்கும் வந்தது. அது சில நிமிஷங்களில் உலரும். ஆனால் தின்னரில் கரையும். பாலியூரிதேன் என்னும் பொருளின் ரசாயனத்தை 1937-ம் ஆண்டில் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்பவர் கண்டறிந்தார். தேய்மானத்தையும் நீரையும் தாங்குவதில் அது முதன்மையானது. மேசைப் பரப்பிற்கும் கடைப் பலகைக்கும் மிகப் பொருத்தம். அது பழுதுபட்டால் ஓரிடத்தை மட்டும் ஒட்டுப்போடுதல் கடினம் என்பதை வாங்குவோர் முன்கூட்டி அறிய வேண்டும்.

நிறமெருகு

இவற்றினின்றும் வேறானது கிளேஸ் என்னும் நிறமெருகு. தெளிந்த திரவத்தில் மிகச் சிறிதளவு நிறப்பொடியைக் கலந்து, அடிப்பூச்சுப் பூசி உலர்ந்த மரத்தின்மேல் தடவி, ஈரம் காயுமுன் துணியால் துடைப்பர். பள்ளங்களிலும் சித்திர வேலையின் மூலைகளிலும் நிறம் தங்கும். மேட்டில் மெல்லியதாகப் படியும். செதுக்கு வேலைக்கு ஆழம் கொடுக்கவும், வெவ்வேறு நிறமுள்ள பலகைகளை ஒரு சாயலாக்கவும் இது உதவும். மரத்திற்குள் ஊறும் சாயம் வேறு, அடிப்பூச்சின்மேல் நிற்கும் நிறமெருகு வேறு. சாயம் பிடிக்காவிடில் மரத்தை இழைக்க வேண்டிவரும். நிறமெருகு பிடிக்காவிடில் காயுமுன் துடைத்தெறியலாம்.

ஒன்றை நினைவிற் கொள்ளல் அவசியம். நிறமெருகு அலங்காரமே, அது தனியே நின்று மரத்தைக் காவாது. அதன்மேல் தெளிந்த பூச்சு 1 அல்லது 2 தடவை கட்டாயம் வேண்டும். நிறமெருகோடு வேலை முடிந்தது என்று கூறுவோரிடம் மேற்பூச்சு எங்கே என்று கேட்பது அங்கத்தினரின் உரிமை.

வெயிலில் நேர்வது யாது?

இப்பொழுது மேற்கு வாசற் கதவிற்குத் திரும்பலாம். தெளிந்த பூச்சின் சிறப்பு, ஒளி அதனூடே சென்று மரத்தின் ரேகையைக் காட்டுவதாகும். வெளிவாசலில் அச்சிறப்பே குறையாகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு, கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரும் பூச்சினுள் புகுந்து மரத்தை அடைகிறது. மரத்தின் நார்களைப் பசைபோல் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பொருளை அக்கதிர் சிதைக்கிறது. பூச்சு தான் பற்றியிருந்த நார்கள் தளர்ந்தமையால் பிடியிழக்கிறது. வெயிலில் பூச்சும் இறுகி நொறுங்குந் தன்மை அடைகிறது. மரமோ மழையில் விரிந்து வெயிலில் சுருங்கிக்கொண்டே இருக்கிறது. விரியும் மரத்தோடு விரிய மாட்டாத பூச்சு வெடிக்கிறது. வெடிப்பின் வழியே நுழைந்த மழைநீர் வெளியேற வழியின்றிப் படலத்தின் அடியில் தங்கி, மீதியையும் உரிக்கிறது. மேலே எத்தனை தடவை பூசினாலும் அடியிலுள்ள நார் தளர்ந்திருப்பதால் புதுப்பூச்சும் நில்லாது. வீடு சரிந்த அடிவாரத்தின்மேல் மாடி கட்டுவதற்கு இஃது ஒப்பாகும்.

இதற்குப் பரிகாரம் நிறப்பொடியே. இரும்புத் துருவின் இனத்தைச் சேர்ந்த செங்காவியும் மஞ்சட்காவியும் புறஊதாக் கதிரைத் தாமே ஏற்று மரத்தை அடையாமல் தடுக்கின்றன. இந்த இனப் பொடிகளை மிக நுண்ணியதாக அரைத்துச் சேர்த்த வெளிப்புறப் பூச்சுகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைப் பூசினால் மரம் சற்றுச் செந்நிறம் பெறும். ரேகையும் ஓரளவு தெரியும். இவற்றுள் மரத்தில் ஊறி, மேலே தடித்த படலம் கட்டாத வகை, உரியாமல் மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும். கழுவி உலர்த்தி மறுபூச்சுப் பூசிக்கொள்ளலாம். முழு வர்ணப் பூச்சு ரேகையை மறைப்பினும் காப்பில் அதற்கு நிகரில்லை. தொட்டிலுக்கும் குழந்தைகள் கைப்படும் கதவிற்கும் வர்ணம் வாங்குவோர் ஈயம் குறித்த விவரத்தை டப்பாவில் பார்க்க வேண்டும். வீட்டு வர்ணங்களில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படலாகாது என்று இந்திய அரசாங்கம் 2016-ம் ஆண்டில் விதி செய்துள்ளது.

நிறமற்ற பூச்சே வாசலில் வேண்டும் என்று விரும்புவோர், புறஊதாக் கதிரைத் தடுக்கும் சேர்க்கையுள்ள வெளிப்புற வகையை வாங்கி, பல தடவை பூசி, வெடிப்புத் தோன்றுமுன் ஓரிரு ஆண்டுகளுக்கொரு முறை இலேசாகத் தேய்த்து மறுபூச்சுக் கொடுத்துவர வேண்டும். அந்தத் தொடர்செலவிற்கு மனமில்லாதார் அதனைத் தொடங்காதிருத்தலே சிக்கனம். கதவின்மேல் அகலமான இறவாரம் இறக்குவதும் ஒரு பூச்சே என்று பழைய வீடுகள் போதிக்கின்றன. திண்ணையும் தாழ்வாரமும் உள்ள வீடுகளில் கதவுகள் நெடுங்காலம் நிலைப்பதற்கு, வெயிலும் மழையும் அவற்றை நேரே தொடாமையும் ஒரு காரணமாகும்.

பழைய பூச்சை அறியும் முறை

மறுபூச்சிற்கு முன் பழைய பூச்சு எந்த இனம் என்று அறிதல் வேண்டும். மறைவான மூலையில் ஒரு துளி ஸ்பிரிட்டை விட்டுச் சிறிது நேரம் கழித்துத் தேய்த்துப் பார்க்கலாம். பூச்சு இளகினால் அது அவலரக்கு. ஸ்பிரிட்டிற்கு இளகாமல் தின்னருக்கு இளகினால் அது லாக்கராக இருத்தல் கூடும். இரண்டிற்கும் கரையாவிடில் வார்னிஷோ பாலியூரிதேனோ ஆகும். இயற்கையான அவலரக்கில் மெழுகு கலந்திருப்பதால் அதன்மேல் பாலியூரிதேன் நன்றாகப் பற்றாது. பூச்சு கெட்டியாக நின்றால் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துத் தூசி நீக்கி மேலே பூசலாம். உரிந்திருந்தால் முற்றிலும் சுரண்டி, சாம்பல் நிறம் நீங்கிப் புதுமரம் தெரியும் வரையில் இழைக்க வேண்டும். ஈரமுள்ள மரத்தின்மேலும், அடைமழைக் காலத்திலும், நண்பகல் வெயிலிலும் பூசலாகாது.

எச்சரிக்கை

ஆளிவிதை எண்ணெயில் நனைந்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைப்பது பெரும் அபாயம். எண்ணெய் இறுகும்பொழுது சூடு பிறக்கிறது. குவியலில் அச்சூடு வெளியேறாமல் பெருகி, நெருப்பில்லாமலே துணி பற்றிக்கொள்ளும். அத்தகைய துணிகளை வெளியில் தனித்தனியே விரித்து உலர்த்த வேண்டும். அல்லது நீர் நிறைந்த தகர டப்பாவில் இட்டு மூடவேண்டும். ஸ்பிரிட்டும் தின்னரும் எளிதில் தீப்பற்றுவன. அடுப்பிற்கருகிலும், காற்றோட்டமில்லாத அறையிலும் அவற்றைக் கையாளலாகாது. மெருகிற்கு வைத்த ஸ்பிரிட் விஷம்; குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்தல் கடமை.

அங்கத்தினர் செய்யத்தக்கது

மரவேலைக்குக் கடன் விண்ணப்பம் செய்யும் அங்கத்தினர் மரத்தின் விலை, கூலி, இரும்புச் சாமான் ஆகியவற்றோடு பூச்சின் செலவையும், ஆண்டுதோறும் வரும் பராமரிப்பையும் மதிப்பில் சேர்த்தல் வேண்டும். தச்சரோடு பேசும்பொழுது மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். இச்சாமான் வெயிலில் நிற்குமா, நிழலில் நிற்குமா? இதன்மேல் நீரும் சூடும் படுமா? இது கெட்டால் சுரண்டாமல் புதுப்பிக்கலாமா? இம்மூன்றிற்கும் விடை கிடைத்தபின் எந்த டப்பாவை வாங்குவது என்பது தானே விளங்கும். சில வீட்டுக்காரர்கள் ஒன்றுசேர்ந்து ஒரே வகைப் பூச்சைப் பெரிய டப்பாவாக வாங்கிப் பகிர்ந்துகொண்டால் மிச்சப்பட்டு வீணாவதும் குறையும்.

புதுக்கதவு பளபளக்கும் நாளில் அதைப் புகழப் பலர் வருவர். பத்து மழைக்காலம் கழிந்த பின்னும் அக்கதவு சித்திரையில் வெடிக்காமலும் கார்த்திகையில் இறுகாமலும் திறந்து மூடுமாயின், அதனைக் கவனிப்பவர் எவரும் இரார். ஆயினும் அந்த வீட்டின் கணக்குப் புத்தகத்தில் கதவிற்கென்று இரண்டாம் செலவு எழுதப்பட்டிராது. அங்கத்தினர் விரும்பத்தக்க மெருகு அதுவேயாகும்.